தூக்குக்கும் 14 ஆண்டுக்கும் இடையில்: ஸ்வாமி ஷ்ரத்தானந்தா வழக்கும் தண்டனை விதிக்கும் நீதிபதியும்

கொலைக் குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்ட பிறகு, தண்டனையைத் தீர்மானிக்கும் நீதிபதிக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆவது பிரிவு இரண்டே வழிகளைத்தான் காட்டியது. ஒன்று மரண தண்டனை, மற்றது ஆயுள் சிறை. இரண்டில் எதை விதித்தாலும் அபராதமும் சேர்த்து விதிக்கலாம். கொலைகள் எல்லாம் ஒரே தன்மையானவை அல்ல என்பதை அறிந்த நீதிபதிக்கு இந்த இரண்டு வழிகள் போதுமா என்ற கேள்வி நெடுங்காலமாக இருந்துவந்தது. அதற்கு உச்ச நீதிமன்றம் 2008 ஜூலை 22 அன்று ஸ்வாமி ஷ்ரத்தானந்தா எதிர் கர்நாடக அரசு வழக்கில் அளித்த பதில், சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத மூன்றாவது தண்டனை ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தண்டனை எப்படி உருவானது, எந்தத் தேவைக்காக உருவானது, அந்தத் தேவையை அது உண்மையிலேயே நிறைவேற்றியதா என்பவற்றை இந்த ஆய்வு பார்க்கிறது.

வழக்கின் பின்னணி

பெங்களூரில் செல்வாக்கு மிக்க குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண் முதல் திருமணம் முறிந்த பின் 1986இல் ஷ்ரத்தானந்தாவை மணந்தார். 1991இல் அவர் காணாமல் போனார். எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் கணவர் ஆளுக்கொரு பதில் சொல்லிவந்தார். மகள் காவல் துறையில் கொடுத்த புகாரின்பேரில் விசாரணை நகர்ந்து, 1994இல், அந்த வீட்டு வளாகத்திலேயே புதைக்கப்பட்டிருந்த ஒரு பெட்டியிலிருந்து எலும்புக்கூடு தோண்டி எடுக்கப்பட்டது. இடத்தைக் காட்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரே. மயக்க மருந்து கொடுத்து, உயிரோடு பெட்டியில் வைத்துப் புதைத்தார் என்பதும், மனைவியின் பெரும் சொத்துதான் நோக்கம் என்பதும் அரசுத் தரப்பின் வழக்கு.

2005இல் பெங்களூரு அமர்வு நீதிமன்றம், அதாவது கொலை வழக்குகளை முதலில் விசாரிக்கும் நீதிமன்றம், மரண தண்டனை விதித்தது. அமர்வு நீதிபதி விதிக்கும் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது என்பது சட்டம். கர்நாடக உயர் நீதிமன்றம் அதே ஆண்டு உறுதி செய்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதிகள் எஸ்.பி. சின்ஹாவும் மார்க்கண்டேய கட்ஜுவும் கொண்ட அமர்வு, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்பதில் ஒன்றுபட்டது, தண்டனையில் பிளவுபட்டது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை என்றார் சின்ஹா. தூக்குதான் தகும் என்றார் கட்ஜு. ஒரே சாட்சியம், ஒரே குற்றவாளி, ஒரே சட்டப் பிரிவு. இரண்டு நீதிபதிகளின் மனச்சாய்வில் ஓர் உயிர் தொங்கியது. வழக்கு மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. அவர்கள் முன் இருந்த ஒரே கேள்வி தண்டனை பற்றியது.

சட்டம் அதுவரை கொடுத்திருந்தவை

தண்டனைச் சட்டத்தின் 53ஆவது பிரிவு மரணம், ஆயுள் சிறை, கடுங்காவல் அல்லது வெறுங்காவல் சிறை, சொத்துப் பறிமுதல், அபராதம் ஆகியவற்றைத் தண்டனை வகைகளாக அடுக்கியிருந்தது. சிறு குற்றங்களில் நீதித்துறை நடுவருக்கு இதைவிட விரிந்த இடமுண்டு. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி எச்சரித்து அனுப்பலாம், நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு கண்காணிப்பில் விடலாம், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்லலாம். மரணமோ ஆயுள் சிறையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. குற்றம் பெரிதாகப் பெரிதாக நீதிபதியின் கைக்கு எட்டும் வழிகள் குறைந்துகொண்டே வந்து, கொலையில் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன.

இரண்டில் எதைத் தேர்வது என்பதற்கு 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஒரு திசையைக் காட்டியது. தூக்கு விதித்தால் அதற்கான தனிச் சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும் என்றது அதன் 354(3) பிரிவு. அதாவது ஆயுள் சிறையே வழக்கமான தண்டனை, தூக்கு விதிவிலக்கு. குற்றவாளி என்று அறிவித்த பின் தண்டனை பற்றித் தனியாக அவரைக் கேட்க வேண்டும் என்றது 235(2) பிரிவு. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, நான்கு நீதிபதிகளின் பெரும்பான்மையில், மரண தண்டனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் மாற்று வழி ஐயமின்றி அடைபட்டுப்போன அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே அதை விதிக்கலாம் என்று எல்லையிட்டது. குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும், அவர் திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசுதான் சாட்சியத்தால் நிறுவ வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்ப்பகுதி. 1983இல் மச்சி சிங் வழக்கு, கொலையின் முறை, நோக்கம், சமூக விளைவு, அளவு, கொல்லப்பட்டவரின் நிலை என்று ஐந்து வகைகளைக் குறித்தது. அதன்பின் பல தீர்ப்புகளில் குற்றவாளி பின்னுக்குத் தள்ளப்பட்டு, குற்றத்தின் கொடூரமே முன்னால் நின்றது.

மற்றொரு வழியான ஆயுள் சிறையைப் பற்றி மக்களிடையே இன்றும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1961இல் கோபால் விநாயக் கோட்சே வழக்கிலேயே, ஆயுள் சிறை என்பது இயற்கை மரணம் வரையிலான சிறைதான் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தண்டனைச் சட்டத்தின் 57ஆவது பிரிவில் வரும் 20 ஆண்டு என்ற எண், தண்டனையின் பின்னங்களைக் கணக்கிட மட்டுமே உரியது. 14 என்ற எண் வந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978இல் சேர்க்கப்பட்ட 433-ஏ பிரிவிலிருந்து: மரண தண்டனையும் விதிக்கத்தக்க ஒரு குற்றத்துக்காக ஆயுள் சிறை பெற்றவரை, குறைந்தது 14 ஆண்டு சிறையில் கழிக்காமல் அரசு முன்விடுதலை செய்யக் கூடாது என்பது அதன் பொருள். அது கீழ் எல்லை. ஆனால் மாநில அரசுகள் சிறை விதிகளின்படி தண்டனைக் கழிவு (தண்டனைக் காலத்தில் குறைப்பு) கொடுத்து, தலைவர்களின் பிறந்த நாள்களையொட்டி ஆணைகள் பிறப்பித்து விடுவித்துவந்ததில், கீழ் எல்லையே நடைமுறையில் தண்டனையின் அளவாகத் தோன்றத் தொடங்கியது.

நாளிதழ்களில் அடிக்கடி வரும் இரட்டை ஆயுள், மூன்று ஆயுள் என்ற செய்திகளையும் இங்கேயே பார்த்துவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து சென்ற முத்துராமலிங்கம் வழக்கில் 2016இல் அரசியல் சாசன அமர்வு, மனிதனுக்கு இருப்பது ஓர் ஆயுள் என்பதால், ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது, அவை ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தே நடக்கும் என்று தீர்ப்பளித்தது. ஒன்றில் கழிவு கிடைத்தாலும் மற்றது தானாக நீங்காது என்பது மட்டுமே அந்த எண்ணிக்கையால் வரும் பயன்.

2008இன் தீர்வு

நீதிபதிகள் பி.என். அகர்வால், ஜி.எஸ். சிங்வி, அஃப்தாப் ஆலம் ஆகியோரின் அமர்வுக்காகத் தீர்ப்பை எழுதியவர் அஃப்தாப் ஆலம். அவர் தண்டனை முறையையே நேர்மையோடு விசாரித்தார். ஒரே மாதிரியான குற்றங்களுக்கு ஓர் அமர்வு தூக்கும் இன்னோர் அமர்வு ஆயுளும் விதிப்பதையும், எத்தனையோ கொடுங்குற்றங்கள் புலனாய்வின் குறையால் நீதிமன்றத்தையே எட்டாமல் போவதையும் அவர் மறைக்கவில்லை. இப்படித் தடுமாறி நடக்கும் ஒரு முறைக்கு, திரும்பப் பெறவே முடியாத மரண தண்டனை பொருந்தாது என்பது அவருடைய முதல் கவலை. தூக்கை உறுதி செய்ய அந்த அமர்வு தயங்கியது.

இரண்டாவது கவலை வேறு பக்கமிருந்து வந்தது. சிறை விதிகள் ஆயுள் தண்டனையை எப்படி 20 ஆண்டாகக் கொண்டு, கழிவுகள் போக 14 ஆண்டளவில் விடுதலைக்குக் கொண்டுவருகின்றன என்பதை அவர் விரிவாக ஆராய்ந்தார். மனைவியை உயிரோடு புதைத்துவிட்டு, அதே வீட்டில் மூன்று ஆண்டு குடியிருந்தவருக்கு 14 ஆண்டு என்பது தண்டனையே இல்லாததற்குச் சமம் என்று அமர்வு கருதியது. நீதிமன்றத்தின் முன் இருப்பவை 14 ஆண்டும் தூக்கும் மட்டுமே என்றால், 14 போதாது என்ற நினைப்பே நீதிபதியைத் தூக்கின் பக்கம் தள்ளிவிடும். அது பெருங்கேட்டில் முடியும் என்பது அவருடைய வாதம். அந்த இடைவெளியில் ஒரு நிலத்தைச் சட்டப்படியே கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

கண்டுபிடித்த நிலம் இது: தூக்கை ஆயுளாக மாற்றும்போது, குறிப்பிட்ட ஆண்டுகள் முடியும்வரை, அல்லது தேவைப்பட்டால் இறக்கும்வரை, விடுவிக்கக் கூடாது என்று நீதிமன்றமே ஆணையிடலாம். ஆயுள் சிறை என்பது வாழ்நாள் முழுவதற்கும் என்று 1961லேயே சொல்லப்பட்டுவிட்டதால், இது புதிய தண்டனை ஆகாது என்பது அதற்கான சட்ட அடிப்படை. 2001இல் தொடங்கிச் சில அமர்வுகள் 20 ஆண்டு என்று ஆங்காங்கே விதித்திருந்ததும் துணைக்கு வந்தது. ஷ்ரத்தானந்தாவின் தூக்கு நீக்கப்பட்டது; வாழ்நாள் முடியும்வரை சிறையிலிருந்து விடுவிக்கக் கூடாது என்று ஆணையிடப்பட்டது.

இந்தத் தீர்ப்பு பலரைத் தூக்கிலிருந்து காத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன்பின் 20, 25, 30, 35 ஆண்டு என்று எண் குறித்த தண்டனைகள் உச்ச நீதிமன்றத்திலிருந்து தொடர்ந்து வந்தன. அவற்றில் பல, இந்த வழி இல்லாதிருந்தால் தூக்கில் முடிந்திருக்கக்கூடிய வழக்குகள். மரண தண்டனையை எதிர்ப்பவர்கள் இந்தத் தீர்ப்பை முதலில் வரவேற்றதற்கு அதுவே காரணம்.

எழுந்த ஐயமும் ராஜீவ் வழக்கும்

2012இல் சங்கீத் எதிர் ஹரியானா அரசு வழக்கில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், மதன் லோகுர் அமர்வு அடிப்படையான ஓர் ஐயத்தை எழுப்பியது. தண்டனை விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. விதித்த தண்டனையில் கழிவு தருவது சட்டம் அரசுக்குக் கொடுத்த அதிகாரம். இன்னும் பயன்படுத்தப்படாத அந்த அதிகாரத்தை நீதிமன்றம் முன்கூட்டியே பூட்டிவைக்கலாமா? இதற்கு முடிவான பதிலைத் தேடித்தந்தது தமிழ்நாட்டோடு பிணைந்த ஒரு வழக்கு.

ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் படுகொலை செய்யப்பட்டார். 1998 ஜனவரியில் பூந்தமல்லியில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின்கீழ் அமைந்த சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வரின் தூக்கை மட்டும் உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் விதித்து, மற்ற 19 பேரை வெளியே விட்டது. தண்டனை முறை எவ்வளவு தூரம் ஊசலாடக்கூடும் என்பதற்கு, 26 நான்கான இந்த ஒரு கணக்கு போதும். நால்வரில் ஒருவரின் தண்டனையை 2000இல் மாநில ஆளுநர் ஆயுளாகக் குறைத்தார். எஞ்சிய மூவரின் கருணை மனுக்கள் 11 ஆண்டுக்கு மேல் முடிவின்றிக் கிடந்து 2011இல் நிராகரிக்கப்பட்டன. அந்தத் தாமதத்தையே காரணமாக்கி, தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு 2014 பிப்ரவரி 18 அன்று அவர்களின் தண்டனையை ஆயுளாக மாற்றியது. மறுநாளே தமிழ்நாடு அமைச்சரவை ஏழு பேரையும் விடுவிக்க முடிவெடுக்க, ஒன்றிய அரசு நீதிமன்றத்தை நாடியது. யார் விடுவிக்கலாம் என்ற கேள்வியோடு, விடுவிக்கவே கூடாது என்று நீதிமன்றம் ஆணையிடலாமா என்ற ஷ்ரத்தானந்தா கேள்வியும் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

2015 டிசம்பர் 2 அன்று வந்த தீர்ப்பில் இந்தக் கேள்வியில் அமர்வு மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்தது. தலைமை நீதிபதி எச்.எல். தத்து, பினாகி சந்திர கோஷ் ஆகியோருக்கும் சேர்த்து எழுதிய நீதிபதி இப்ராஹிம் கலிஃபுல்லா, மூன்றாவது தண்டனை செல்லும் என்றார். ஆனால் அதை விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு, நாட்டின் வேறு எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை என்று வரம்பிட்டார். குடியரசுத் தலைவருக்கு அரசியல் சாசனத்தின் 72ஆவது உறுப்பும் ஆளுநருக்கு 161ஆவது உறுப்பும் தரும் மன்னிப்பு அதிகாரத்தை எந்த நீதிமன்ற ஆணையும் தொடாது என்பதும் தெளிவாக்கப்பட்டது. நீதிபதி யு.யு. லலித், ஏ.எம். சாப்ரேயுடன் சேர்ந்து மாறுபட்டார். தூக்குக்கு மாற்றாக ஒரு தனி வகைத் தண்டனையைப் படைத்து, அதைச் சட்டம் தரும் கழிவு முறைக்கு அப்பால் நிறுத்துவது சட்டமன்றத்தின் வேலையே தவிர நீதிமன்றத்தின் வேலை அல்ல என்பது அவர் நிலை. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சில பாலியல் குற்றங்களுக்கு வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதும் சிறை என்று நாடாளுமன்றமே வெளிப்படையாக எழுதியிருந்தது, அந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. வேண்டும் என்று நினைத்த இடத்தில் நாடாளுமன்றம் எழுதியிருக்கிறது, கொலைக்கு எழுதவில்லை.

முதல் நீதிமன்றத்தில் நின்றுவிட்ட இடைவெளி

அஃப்தாப் ஆலம் அஞ்சியது எதை? 14க்கும் தூக்குக்கும் இடையே வேறு வழி இல்லாத நீதிபதி தூக்கின் பக்கம் தள்ளப்படுவார் என்பதை. 2015க்குப் பிறகு அந்த நிலையில் நிற்பவர் யார்? அமர்வு நீதிபதி. சாட்சிகளைக் கூண்டில் நேரில் பார்த்தவர் அவர். குற்றவாளியின் முகத்தையும், அவருடைய தாயோ மனைவியோ நீதிமன்ற வாசலில் நிற்பதையும் அறிந்தவர் அவர். தண்டனை பற்றிய விசாரணையை முதலில் நடத்துபவரும் அவரே. அவருக்கு இன்றும் இரண்டே வழிகள்தான். ஆயுள் போதாது, தூக்கு மிகுதி என்று அவர் கருதினால், சட்டத்துக்குள் நின்று அதைச் சொல்ல இடமில்லை. தூக்கு விதித்துவிட்டால் உயர் நீதிமன்றம் 30 ஆண்டாகக் குறைத்துக்கொள்ளும் என்ற எண்ணம் அவருக்கு வருவது இயல்பு. அந்த எண்ணத்தின் விலை, தண்டனை பெற்றவர் பல ஆண்டுகள் தூக்குக் கைதியாக அடைபட்டிருப்பது. எந்த நோய்க்கு மருந்தாக மூன்றாவது தண்டனை வந்ததோ அந்த நோய், முதல் படியில் குணமாகாமலே இருக்கிறது.

வேறு சில அமர்வு நீதிபதிகள் ஆயுள் தண்டனையோடு, இறக்கும்வரை விடுவிக்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட பெங்களூரு வழக்கு ஒன்று, சிவகுமார் எதிர் கர்நாடக அரசு, 2023இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அமர்வு நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை, ஆனால் தூக்கு விதிக்கப்படாத வழக்கிலும் மேல் நீதிமன்றங்கள் அதைச் செய்யலாம் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 30 ஆண்டு விதித்தது. தூக்கிலிருந்து காப்பதற்காகப் பிறந்த வழி, தூக்கே பேச்சில் இல்லாத வழக்குகளுக்கும் நீண்டுவிட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உயிர்காக்கும் வழியாக அதை வரவேற்றவர்கள், இப்போது அது சிறைக்காலத்தை நீட்டும் வழியாகவும் மாறியிருப்பதைப் பார்க்கத்தான் வேண்டும்.

எண்ணின் அளவுகோலும் சிக்கலானது. 25க்கும் 30க்கும் இடையே உள்ள ஐந்து ஆண்டுகளை எதை வைத்து நிறுப்பது? 2024இல் கேரளத்திலிருந்து வந்த நவாஸ் வழக்கில், உயர் நீதிமன்றம் விதித்த 30 ஆண்டை உச்ச நீதிமன்றம் 25ஆகக் குறைத்தபோது, முந்தைய தீர்ப்புகளை வரிசையாக எடுத்துவைத்து, கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை, குற்றம் நடந்த விதம், குற்றவாளியின் வயது, சிறையில் நடத்தை, திருந்தும் வாய்ப்பு போன்றவற்றை ஒப்பிட்டுப் பார்த்தது. நேர்மையான முயற்சி. ஆயினும் அது தீர்ப்புகளின் சராசரியைத் தேடும் முயற்சியாகவே நிற்கிறது. சட்டம் அமைத்துக்கொடுத்த அளவுகோல் எதுவும் அங்கே இல்லை.

இதைவிடக் கனமான ஒரு குறை உண்டு. திருந்தும் வாய்ப்பைப் பார் என்று பச்சன் சிங் சொன்னது; 2022இல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கு, அதற்காக மனநல அறிக்கை, சிறை நடத்தை அறிக்கை, குடும்பப் பின்னணி ஆகியவற்றை விசாரணை நீதிமன்ற நிலையிலேயே திரட்ட வேண்டும் என்று வழி வகுத்தது. இவை அனைத்தும் தண்டனை விதிக்கும் நாளில் இருக்கும் மனிதரைப் பற்றியவை. 28 வயதில் தீர்ப்புப் பெறுபவர் 50 வயதில் எப்படி இருப்பார் என்பதை எந்த அறிக்கையாலும் சொல்ல முடியாது. இறக்கும்வரை விடாதே என்ற ஆணை, அதைத் தெரிந்துகொண்டதாக வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013இல் விண்டர் எதிர் ஐக்கிய இராச்சியம் வழக்கில், ஆயுள் முழுதும் சிறை விதிக்கலாம், ஆனால் விடுதலைக்கான வாய்ப்பும் மறுபரிசீலனையும் இருந்தாக வேண்டும் என்று சொன்னதற்கு இதுவே அடிப்படை. இந்தியாவில் அந்த மறுபரிசீலனைக்கு எஞ்சியிருப்பது ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் உள்ள மன்னிப்பு அதிகாரம் மட்டுமே. அது எவ்வளவு மெதுவாக அசையும் என்பதைத் தமிழ்நாடு நேரில் கண்டது: 2018 செப்டம்பரில் அமைச்சரவை பரிந்துரைத்த எழுவர் விடுதலையில் ஆளுநர் முடிவெடுக்காமல் காலம் கடந்து, 142ஆவது உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றமே 2022 மே மாதம் ஒருவரையும் நவம்பரில் மற்ற ஆறு பேரையும் விடுவிக்க வேண்டியதாயிற்று.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, தண்டனை வகைகளில் சமூக சேவையைப் புதிதாகச் சேர்த்தது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறை திருடித் திருப்பிக் கொடுத்தவர், குடிபோதையில் பொது இடத்தில் தொல்லை தந்தவர், அவதூறு செய்தவர் போன்றோருக்கு நீதிபதியின் வழிகள் விரிந்திருக்கின்றன, அது நல்லதே. கொலைக்கான 103ஆவது பிரிவோ பழைய 302இன் இரண்டு வழிகளையே திரும்ப எழுதியது. 2008 முதல் நீதிமன்றங்கள் பட்ட பாட்டைக் கண்முன் வைத்துக்கொண்டு சட்டத்தை முழுதாகத் திருத்தி எழுத வாய்ப்புக் கிடைத்த நேரத்தில், அந்த இடைவெளியை நாடாளுமன்றம் அப்படியே விட்டது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது.

நிரப்பும் வழி கடினமானதன்று. 103ஆவது பிரிவில், ஆயுள் சிறை விதிக்கும் நீதிமன்றம் எதுவாயினும், அமர்வு நீதிமன்றம் உட்பட, 14க்கு மேல் சட்டமே குறிக்கும் ஓர் உச்ச எல்லைக்குள், காரணங்களை எழுதி, குறைந்தபட்சச் சிறைக்காலத்தை நிர்ணயிக்கலாம் என்று சேர்க்கலாம். அப்படி நிர்ணயித்த காலம் முடிந்ததும், சிறையில் அவர் வாழ்ந்த விதத்தை ஒரு நீதித்துறை அமைப்பு பார்த்தே தீர வேண்டும் என்றும், அந்தப் பரிசீலனையை எந்த நீதிமன்ற ஆணையும் முன்கூட்டியே அடைக்கக் கூடாது என்றும் அதனோடு எழுதலாம். லலித் கேட்டபடி அதைச் சட்டமன்றம் செய்ததாகவும் இருக்கும். அஃப்தாப் ஆலம் தேடிய நிலம் அமர்வு நீதிபதிக்கும் கிடைத்ததாகவும் இருக்கும்.